கரி பூசிய குளம்பு

"அம்மா, அந்தி சாய்ஞ்சா தும்பை ஏன் லாயத்து வாசல்லயே நின்னுடுது?"

சாத்தப்பன் கேட்டான்.

உலகம்மை கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தார். முறம் நிற்கவில்லை.

"நீங்க ஏன் நிக்கிறீங்க அண்ணாச்சி?"

"நானா? நான் எங்க நின்னேன்?"

"அது நிக்கையில நீங்களும் நிக்கிறீங்க. பொறவு என்ன செய்றீங்க?"

"நான் முன்னால போவேன். அது என் பின்னாலயே வந்துரும்."

"ம்," என்றார் உலகம்மை.

அவ்வளவுதான். சாத்தப்பன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பதரும் தூசியும் அவன் காலடியில் வந்து விழுந்தன.

அவன் லாயத்துக்குத் திரும்பிப் போனான். போகிற வழியில் வாசல் தாழ்ப்பாளை ஒரு முறை இழுத்துப் பார்த்தான். நாலு அடி போய்விட்டு, திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்தான்.

அவன் சுபாவம் அப்படி.

*

கணவாய்க்குக் கீழே இருந்தது உலகம்மையின் குதிரைப் பண்ணை. புள்ளிக் குதிரைகளுக்குப் பேர் போன இடம். மையைத் தொட்டு விரலால் ஒற்றியதுபோல முதுகெல்லாம் புள்ளி உள்ள குதிரைகள். திருவிழாவுக்குத் திருவிழா அவற்றைப் பார்க்கவே கூட்டம் கூடும்.

அப்படி ஒரு திருவிழாவில்தான் சாத்தப்பன் பொறியனைப் பார்த்தான். பொறியன் பண்ணையின் புள்ளிப் பொலிகுதிரை. அதுவரை சாத்தப்பனுக்கு வேலை ஜவுளிக்கடையில். காலை முதல் இரவு வரை சேலை விரித்துக் காட்டுவான். அன்றைக்குப் பொறியனின் பின்னாலேயே நடந்து வந்தவன் கடைக்குத் திரும்பவில்லை.

உலகம்மை அவனைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அவன் அவரை "அம்மா" என்றான். அவர் அவனை "அண்ணாச்சி" என்றார். கேட்கிறவர்களுக்கு இதில் யார் குரு, யார் சீடன் என்று குழப்பம் வரும். குதிரைகளுக்கு அந்தக் குழப்பம் இருந்ததில்லை.

பண்ணையில் ஒரு விதி உண்டு. புள்ளி உள்ள குதிரையைப் புள்ளி இல்லாத குதிரையோடுதான் சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கு முந்தின நாள் இரண்டையும் தலை முதல் கால் வரை குளிப்பாட்டி, வெயிலில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

ஏன் என்று உலகம்மை சொன்னதில்லை. சாத்தப்பன் கேட்காமல் இருந்ததுமில்லை.

"இப்படிச் சேர்த்தா பாதிக் குட்டி வெறுங்குட்டியாப் பிறக்குதே அம்மா. வர்றவன் எல்லாம் புள்ளிதானே கேக்கிறான்?"

"பாதிக் குட்டி புள்ளியோட பிறக்குதே. அது போதாதா?"

"புள்ளிக்குப் புள்ளி சேர்த்தா இன்னும் நிறைய வருமே?"

"வரும்," என்பார் உலகம்மை. அத்தோடு எழுந்து போய்விடுவார்.

*

சாத்தப்பன் தானாகச் சேர்த்த முதல் சோடி பொறியனும் செவலையும்.

செவலை வெளியூரிலிருந்து வந்த பெட்டை. உடம்பு முழுக்க ஒரே செம்மண் நிறம். தேடிப் பார்த்தாலும் ஒரு புள்ளி கிடையாது. விதிக்கு இதைவிடப் பொருத்தமான சோடி ஏது என்று அவன் நினைத்தான்.

பிறந்த பெட்டைக்குட்டி வெள்ளை.

தும்பைப்பூ வெள்ளை. இடுப்பில் மட்டும் இரண்டு மூன்று சின்னப் புள்ளிகள்.

சுற்றுவட்டாரமே திரண்டு வந்தது. பெண்கள் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். யாரோ குலவையிட்டார்கள். "சேலை விக்கிறவன் கைராசிய பாத்தீங்களா!" என்று ஒருவர் சொல்ல, சாத்தப்பனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

உலகம்மை வந்தார். குட்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதன் முகத்தைப் பார்த்தார். பிறகு தாயைப் பார்த்தார்.

"செவலையோட குளம்பைக் கழுவுங்க அண்ணாச்சி," என்றார்.

சாத்தப்பன் கழுவினான். கண் குட்டியிடம் இருந்தது. கைதான் கழுவியது. மறுநாள் காலையில் வழக்கம்போலக் கரியும் பூசிவிட்டான்.

அது அவன் கொண்டுவந்த வழக்கம். விளக்குக்கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, எல்லாக் குதிரைகளின் குளம்பிலும் தேய்ப்பான். குளம்பு கருகருவென்று மின்னும். சேலைக்கு முந்தானை எப்படியோ குதிரைக்குக் குளம்பு அப்படி என்பான். உலகம்மை வேண்டாம் என்று சொன்னதில்லை. சேர்க்கைக்கு முன்னால் கழுவிவிட வேண்டும் என்பது மட்டும்தான் பேச்சு.

தும்பை வளர்ந்தது. அவன் கையில் தின்றது. அவன் குரலுக்குத் திரும்பியது. அந்தி வேளையில் குளத்திலிருந்து திரும்பும்போது அவன் தோளில் மோவாயை வைத்துக்கொண்டே நடந்து வரும். பார்த்தவர்கள் சிரிப்பார்கள். "சாத்தப்பா, பெத்தது செவலை, வளத்த தாய் நீதான்வே!"

அவன் அதைக் கேட்டு வெட்கப்படுவான். அந்த வெட்கத்தில் ஒரு சந்தோஷமும் இருக்கும்.

உலகம்மை ஒன்றே ஒன்று சொல்லி வைத்திருந்தார். "தும்பை அந்திக்குள்ள லாயத்துக்கு வந்துடணும்."

கண் பட்டுவிடும் என்பதற்காக இருக்கும் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

*

இன்றைக்குப் பேச்சி வருகிறாள்.

பேச்சி மலை ஊர்களுக்கு மருத்துவச்சி. மேலே இருக்கிற குடிகளில் யாருக்கு வலி எடுத்தாலும் ஆள் ஓடி வந்து இவளைத்தான் கூப்பிடும். வலி பகல் பார்த்தா வருகிறது? பாதி நாள் அவள் பயணம் இருட்டில்தான். போகும் வழியில் நெடுங்கல் சரிவு. ஒரு பக்கம் பாறைச் சுவர். மறு பக்கம் ஒன்றும் இல்லை.

அவளை இத்தனை காலம் சுமந்த குதிரை கிழடாகிச் செத்துப்போனது. மேற்குடி என்ற மலையூரில் ஒருத்திக்குப் பிரசவம் இன்றோ நாளையோ என்று இருக்கிறது. நடந்து போய்ச் சேர முடியாத தூரம்.

"எந்தக் குதிரைன்னு நீங்களே முடிவு பண்ணுங்க," என்று உலகம்மை சொல்லியிருந்தார். "கையில பிடிச்சுக் குடுக்கிறதும் நீங்கதான்."

சாத்தப்பன் தன் பொறுப்பில் கொடுக்கப் போகிற முதல் குதிரை.

அவன் தும்பையைத்தான் நினைத்தான். பேச்சியின் பழைய குதிரையும் வெள்ளை. தூரத்து இருட்டில் வெள்ளை அசைவது தெரிந்தாலே, "வந்துட்டா, வந்துட்டா" என்று வலியில் கிடப்பவளிடம் போய்ச் சொல்வார்களாம். பாதி வலி அதிலேயே குறையுமாம். அப்படிப்பட்டவளுக்கு வெள்ளையைத் தவிர எதைக் கொடுப்பது?

முடிவு பண்ணியாயிற்று.

சேண வாரை இழுத்துப் பார்த்தான். சரியாக இருந்தது. மறுபடி அவிழ்த்துக் கட்டினான்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், இருட்டிக்கொண்டு வந்தபோது தும்பை தண்ணீர்த் தொட்டியில் போய் முட்டியது. முழங்காலில் தோல் உரிந்தது. இடிக்குப் பயந்திருக்கும் என்று நினைத்தான்.

இன்னொரு நாள் அந்தியில் வாசலுக்கு முன்னால் தலையைச் சாய்த்து, மூக்கை வானத்துக்குத் தூக்கி, அப்படியே நின்றது. பாம்பைக் கண்டிருக்கும் என்று நினைத்தான்.

ஒவ்வொன்றுக்கும் அவனிடம் ஒரு காரணம் இருந்தது. எல்லாக் காரணத்தையும் சேர்த்துப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

அவன் மறுபடியும் உலகம்மையிடம் போனான்.

"அம்மா, தும்பைக்குக் கண்ணுல கோளாறு ஏதும் இருக்குமோ?"

"பகல்ல எப்படி இருக்கு?"

"தட்டான் பறந்தாக்கூடத் திரும்பிப் பாக்குது."

"அப்போ என்ன கவலை?"

"அந்தியிலதான் அம்மா..."

உலகம்மை முறத்தைக் கீழே வைத்தார்.

"செவலையோட குளம்பைக் கழுவுங்க," என்றார்.

"அன்னைக்கே கழுவினேனே!"

"பாத்தீங்களா?"

சாத்தப்பன் வெந்நீர் வைக்கப் போனான்.

*

செவலை நல்ல குணம். காலைக் கேட்டால் தூக்கிக் கொடுக்கும்.

சீயக்காயும் வெந்நீருமாகத் தேய்த்தான். கரி வழிந்து தண்ணீர் கறுத்து ஓடியது. எண்ணெய்ப் பிசுக்கு லேசில் விடவில்லை. தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தான். மறுபடி தண்ணீர் ஊற்றினான்.

குளம்பில் கோடுகள்.

மேலிருந்து கீழாக ஒரு வெளிறிய கோடு. பக்கத்தில் ஒரு கறுத்த கோடு. மறுபடி வெளிறியது, மறுபடி கறுப்பு. கோடு போட்ட துண்டுபோல.

இந்தக் கோட்டை அவன் பார்த்திருக்கிறான். பொறியனின் குளம்பில். பண்ணையில் புள்ளி உள்ள ஒவ்வொரு குதிரையின் குளம்பிலும்.

ஒரு கால்தானே, எங்காவது அடிபட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். அடுத்த காலைக் கழுவினான். அதற்கடுத்த காலையும். நாலாவது காலிலும் கோடு இருந்தது.

எழுந்து செவலையின் முகத்தைப் பிடித்தான். மூக்கு ஓரத்தில், உதட்டில், திட்டுத்திட்டாக வெளுத்த தோல். தேமல் என்று நினைத்து வருஷக்கணக்கில் அவன் வேப்பெண்ணெய் தடவிவந்த இடம்.

பொறியனின் மூக்கிலும் அதே தேமல்தான். அதற்கு அவன் எண்ணெய் தடவியதில்லை. புள்ளிக் குதிரைக்கு அது அழகு என்று விட்டுவிட்டான்.

ஈரக்கையோடு ஓடினான்.

"அம்மா, செவலை வெறுங்குதிரை இல்ல."

"ம்."

"புள்ளி உள்ளேயே இருந்திருக்கு. வெளிய குளம்புலயும் மூக்குலயும் மட்டும் காட்டியிருக்கு. சேர்க்கிறதுக்கு முந்தி குளம்புக் கரியை ஒழுங்காக் கழுவாம, நான் புள்ளிக்குப் புள்ளி சேர்த்துட்டேன்."

"ம்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அம்மா!"

"சொன்னேன்."

"குளம்பைக் கழுவத்தானே சொன்னீங்க!"

சாத்தப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

உலகம்மை உறியிலிருந்து கொஞ்சம் புளியங்கொட்டை எடுத்தார். கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், மூடிய இரண்டு கைகளையும் அவன் முன்னால் நீட்டினார்.

"இது பொறியன். ஒரு கையைத் தொடுங்க."

தொட்டான். விரித்தார். ஒரு கொட்டை இருந்தது.

"இன்னொரு கை?"

விரித்தார். வெறுங்கை.

மறுபடி முதுகுக்குப் பின்னால் போய் மூடிய கைகள் வந்தன.

"இது செவலை. தொடுங்க."

தொட்டான். அதிலும் ஒரு கொட்டை. மற்ற கை வெறுமை.

"எந்தக் கையில இருக்குன்னு தெரிஞ்சு தொட்டீங்களா?"

"இல்ல அம்மா. சும்மா தொட்டேன்."

"குட்டியும் அப்படித்தான். தாய்கிட்ட ஒரு கை, தகப்பன்கிட்ட ஒரு கை. ரெண்டும் வெறுங்கையா அமைஞ்சா வெறுங்குட்டி. ஒரு கொட்டை அமைஞ்சா புள்ளிக்குட்டி. புள்ளி நிறையவும் இருக்கும், செவலை மாதிரி தெரியாமலும் இருக்கும்."

"ரெண்டு கொட்டையும் அமைஞ்சா?"

உலகம்மை லாயத்தின் பக்கம் பார்த்தார். தும்பை வெயிலில் நின்று வாலால் ஈ விரட்டிக்கொண்டிருந்தது. அதன் வெள்ளையில் கண் கூசியது.

"புள்ளியெல்லாம் வெளுத்துப் போயிடும். கூடவே இன்னொண்ணும் போயிடும்."

"என்ன அம்மா?"

"வாசல்ல யாருன்னு பாருங்க."

*

பேச்சி வந்துவிட்டாள். தோளில் மருந்துப் பை. தலை முழுக்க நரை. வந்ததும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"எங்கேப்பா என் குதிரை? ஏ ஆத்தாடி!"

தும்பையைப் பார்த்துவிட்டாள்.

"இதுவா? எனக்கா? தெரிஞ்சிருந்தா நல்ல சேலையா உடுத்திட்டு வந்திருப்பேனே!"

"அக்கா," என்றான் சாத்தப்பன். "வேற குதிரையும் பாக்கலாம்."

"எதுக்கு?"

"இது அந்தியில கொஞ்சம் தயங்குது."

"நானுந்தான் தயங்குதேன். முட்டி வலி."

"அதில்ல அக்கா..."

"இங்க பாரு சாத்தப்பா. உன் ஜவுளிக்கடை வேலையெல்லாம் என்கிட்ட வேண்டாம். நல்ல சேலையை உள்ள வச்சுக்கிட்டு மட்டச் சேலையை விரிப்பீங்களே, அது எனக்குத் தெரியும். ஆசையா வளத்தது, பிரிய மனசில்ல. அப்படிச் சொல்லு. மேற்குடியில பிள்ளைத்தாய்ச்சி வாசலைப் பாத்துக்கிட்டுக் கிடப்பா. வெள்ளை தெரியுதான்னுதான் முதல்ல கேப்பா."

பிரிய மனமில்லை என்பதும் உண்மைதான். தன் பயத்தில் எவ்வளவு பயம், எவ்வளவு ஆசை என்று அவனுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"உன் பழைய வெள்ளை நரைச்ச வெள்ளை அக்கா," என்றார் உலகம்மை. "கறுப்பாப் பிறந்து, வயசாக வயசாக வெளுத்தது. இது பிறக்கும்போதே வெள்ளை."

"வெள்ளையில என்ன பழசு புதுசு?"

"ஒரு தடவை ஏறி ஓட்டிப் பாத்துடு. அந்தக் கிடங்குக்குள்ள."

"கொள்ளுக் கிடங்குக்குள்ளயா? நல்லாருக்கு! வெளிய இவ்வளவு இடம் கிடக்கு."

"வெளிய வெயிலு," என்றார் உலகம்மை.

*

கருங்கல் சுவர். சன்னல் கிடையாது. நடுவில் ஒரு தூண், சுற்றிலும் கொள்ளு மூட்டைகள்.

பேச்சி குனிந்து தும்பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். சாத்தப்பன் முன்னால் நின்றான். உலகம்மை உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கதவுக்கு அடியில் ஒரு கோடு வெளிச்சம். அவ்வளவுதான்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கண் பழகியது. மூட்டைகள் தெரிந்தன. தூண் தெரிந்தது. பேச்சியின் நரைத்த தலை தெரிந்தது.

"போலாமா?" என்றாள் பேச்சி.

சாத்தப்பன் நடந்தான். தோளில் வழக்கமான பாரம் வந்து உட்கார்ந்தது. மோவாய். கழுத்தில் சூடான மூச்சு.

தூணைச் சுற்றினான். தும்பையும் சுற்றியது. மூட்டைகளுக்கு நடுவே வளைந்தான். தும்பையும் வளைந்தது. எதிலும் இடிக்கவில்லை. தயங்கவில்லை.

"பாத்தியா!" என்று சிரித்தாள் பேச்சி. "வெண்ணெய் மாதிரிப் போகுது. இதையா குறை சொன்ன நீ?"

சாத்தப்பனும் சிரித்தான். ஒன்றுமில்லை. எல்லாம் வீண் பயம். காலையிலிருந்து தானும் கலங்கி, மற்றவர்களையும்...

"ஒதுங்குங்க அண்ணாச்சி."

உலகம்மையின் குரல் கதவுப் பக்கமிருந்து வந்தது.

அவன் ஒதுங்கவில்லை. இன்னும் இரண்டு அடி நடந்தான். இன்னும் இரண்டு அடி.

உலகம்மை இரண்டாம் முறை சொல்லவில்லை.

சாத்தப்பன் ஒதுங்கினான்.

மோவாய் நழுவியது. தும்பை ஓர் அடி எடுத்து வைத்தது. எதிரே மூட்டை. சாத்தப்பனுக்கு அது நன்றாகத் தெரிந்தது. பேச்சிக்கும் தெரிந்திருக்கும். தும்பை நேராகப் போய் அதில் மார்பால் மோதியது.

நாலு காலையும் ஊன்றி நின்றுவிட்டது.

பேச்சி குதிகாலால் தட்டினாள். அசையவில்லை. "ஏ, போம்மா," என்றாள். அசையவில்லை. உடம்பெல்லாம் நடுங்குவது தெரிந்தது. தலையைச் சாய்த்து, மூக்கைக் கூரையைப் பார்த்துத் தூக்கியது. பிறகு கழுத்தை முன்னால் நீட்டி, காற்றில் இங்கும் அங்கும் உதட்டால் துழாவியது.

ஒரு தோளைத் தேடியது.

சாத்தப்பன் கை எட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். இத்தனை வருஷத்து அந்திப் பொழுதுகளும் அவன் கண் முன்னால் வந்தன. ஊர் சிரித்தது, அவன் வெட்கப்பட்டது, எல்லாம்.

அவன் அதை அன்பு என்றுதான் நினைத்திருந்தான்.



"நெடுங்கல் சரிவுல," என்றாள் பேச்சி. குரலில் சிரிப்பு இல்லை. "முன்னால நடக்க ஆளு இல்ல."

அவள் மெதுவாக, குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே இறங்கினாள்.

அப்போதுதான் சாத்தப்பன் தோளைக் கொடுத்தான்.

*

புழுதி என்று ஒரு குதிரை. நிறமும் புழுதிதான். கரியைக் கழுவிப் பார்த்த பிறகும் குளம்பு ஒரே கறுப்பு, மூக்கு ஒரே கறுப்பு. யாரும் விலைக்குக் கேட்டதில்லை.

கிடங்குக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். பேச்சி ஓட்டினாள். புழுதி தூணைச் சுற்றியது, மூட்டைகளைத் தாண்டியது, நேராக மூலைக்குப் போனது. அங்கே வாய் அவிழ்ந்த ஒரு மூட்டை. தலையை உள்ளே விட்டது. இழுத்தும் வரவில்லை.

"கண்ணு நல்லாத்தான் தெரியுது," என்றாள் பேச்சி. "தேவைக்கு அதிகமாவே தெரியுது."

வெளியே வந்து புழுதியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆனா இது இருட்டுல யாருக்கும் தெரியாதே. மண்ணோட மண்ணாப் போகும். அந்தப் பிள்ளை வெள்ளை வருதான்னு பாத்துக்கிட்டுக் கிடப்பாளே."

சாத்தப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்தான். ஜவுளிக்கடையை விட்டு வரும்போது கொண்டு வந்தது. நல்ல வெள்ளை. மடிப்புக் கலையாமல் வைத்திருந்தான். அதை விரித்து, புழுதியின் மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய், நடக்க இடைஞ்சல் இல்லாமல் முடிந்தான். முடிச்சை இழுத்துப் பார்த்தான். இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்தான்.

"கடைசியில என்கிட்டத் துணிதான் வித்த," என்றாள் பேச்சி.

அவள் கணவாயை நோக்கிப் போனாள். கொஞ்ச தூரத்தில் குதிரை கண்ணுக்குத் தெரியவில்லை. துண்டு தெரிந்தது.

*

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சாத்தப்பன் தும்பையின் பக்கத்தில் நின்றான். உலகம்மை வந்தார்.

"அம்மா, தும்பையை என்ன செய்றது?"

"அந்திக்குள்ள லாயத்துக்குக் கூட்டிட்டு வாங்க. எப்பவும் போல."

"காலம் பூரா?"

"காலம் பூரா."

அவன் தும்பையின் நெற்றியைத் தடவினான். அது அவனைப் பார்த்தது. இந்த வெளிச்சத்தில் அதற்கு அவனைத் தெரிந்தது.

"இதுக்குப் பிறக்கிற குட்டியும் இப்படித்தான் ஆகுமா அம்மா?"

உலகம்மை இரண்டு கைகளையும் நீட்டினார்.

"இது தும்பை."

அவன் தொடுவதற்கு முன்பே இரண்டு கைகளையும் விரித்தார். இரண்டிலும் கொட்டை இருந்தது.

சாத்தப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். எந்தக் கையைத் தொட்டாலும் ஒன்று. எப்போதும் ஒன்று. தகப்பன் மட்டும் உண்மையான வெறுங்கையாக இருந்துவிட்டால், பிறக்கிற ஒவ்வொரு குட்டிக்கும் ஒரே ஒரு கொட்டை. இரண்டாவது வரவே வராது. எல்லாம் புள்ளி வழிதான். எல்லாவற்றுக்கும் இருட்டில் கண் தெரியும்.

அவன் லாயத்தின் மூலையில் நின்ற கறுப்புப் பொலிகுதிரையைக் காட்டினான்.

"காரி இருக்கே அம்மா! நம்ம காரி! உச்சி முதல் பாதம் வரை கறுப்பு. ஒரு புள்ளி கிடையாது. காரியோட சேர்த்தா?"

உலகம்மை கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். மூடிய இரண்டு கைகள் அவன் முன்னால் வந்தன.

"இது காரி. தொடுங்க."

சாத்தப்பன் விரலை நீட்டினான்.

நீட்டிய விரல் பாதியில் நின்றது.

கையை மடக்கிக்கொண்டான். தொட்டியோரம் கிடந்த வாளியையும் தேங்காய் நாரையும் எடுத்துக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே காரியிடம் நடந்தான்.